சின்னஞ்சிறு ஆசைகள்



மனிதனுடைய ஆசைகளை இரு வகையாகப் பிரிக்கலாம். வீடு கட்ட வேண்டும், பட்டம் பெற வேண்டும், கடல் கடந்த நாடுகளைக் காண வேண்டும் என்பன பெரிய ஆசைகள். அவற்றிற்காகத் திட்டமிடுகிறோம், பணம் சேர்க்கிறோம், கடனும் வாங்குகிறோம். பனைமர நிழலில் அமர்ந்து நுங்கு தின்ன வேண்டும், ஓர் இரவு முழுவதும் கண்விழித்துத் தெருக்கூத்துப் பார்க்க வேண்டும் என்பன சிறிய ஆசைகள். இவற்றிற்காக எவரும் திட்டமிடுவதில்லை. கைக்கெட்டும் தொலைவில்தானே இருக்கின்றன, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். பெரிய ஆசைகள் நிறைவேறாமல் போனால், அவை தொலைவில் இருந்தது காரணம். சிறிய ஆசைகள் நிறைவேறாமல் போவதற்கோ, அவை மிக அருகில் இருப்பதே காரணமாகிவிடுகிறது!

இந்த உண்மையை எனக்கு உணர்த்தியவர், என்னுடன் பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர். திண்டிவனத்தில் குடியிருந்த அவர், இருபத்தெட்டு ஆண்டுகள் நாள்தோறும் விழுப்புரத்துக்கு இரயிலில் வந்து சென்றவர். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று வழியிலுள்ள நிலையங்களெல்லாம் அவருக்கு மனப்பாடம். சன்னல் வழியே பனந்தோப்புகளைக் காட்டி, “ஓய்வு பெறட்டும் தம்பி, ஒரு நாள் இறங்கி ஆற அமர நுங்கு தின்ன வேண்டும்” என்பார். செஞ்சிக் கோட்டையைப் பற்றிப் பேச்சு வந்தால், “ஓய்வு பெறட்டும், ஏறிப் பார்த்துவிடலாம்” என்பார். ஓய்வும் வந்தது. அதற்குள் முழங்கால் வலியும் வந்துவிட்டது; நீரிழிவும் உடன் வந்துவிட்டது. ஒரு நாள் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். “தம்பி, மகளுக்குத் திருமணம் முடித்தேன், வீடு கட்டினேன். பெரிய கணக்கெல்லாம் சரியாக வந்தது. சின்னக் கணக்குகளைத்தான் போடவே இல்லை” என்றார். கணித ஆசிரியர் அல்லவா? வாழ்க்கையையும் கணக்காகவே சொன்னார்.

அன்றிரவு ஒரு குறிப்பேட்டில் பன்னிரண்டு சிறு ஆசைகளை எழுதினேன். ஆசைகளுக்குப் பட்டியல் எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அது புதிய பழக்கமன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சப்பான் நாட்டு அரண்மனையில் பணிபுரிந்த சேய் சோனகோன் என்னும் பெண்மணி, தமக்கு உவப்பானவை, வெறுப்பானவை, நெஞ்சைத் துடிக்கச் செய்பவை என்று பட்டியல் பட்டியலாக எழுதி வைத்தார். அந்த நூல் இன்று உலக இலக்கியங்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. நான் எழுதியது இலக்கியமன்று. வெறும் நினைவுக் குறிப்பு. அதற்கு மூன்று விதிகள் வகுத்துக்கொண்டேன். காலையில் புறப்பட்டால் மறுநாள் விடிவதற்குள் வீடு திரும்பிவிடும் தொலைவில் இருக்க வேண்டும். கையில் உள்ள சில்லறைக்கு அடங்க வேண்டும். தனியே அனுபவிக்கலாகாது, ஒருவரையேனும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும்.

பட்டியலின் முதல் வரி, ‘வயலோரத்தில் வேகவைத்த பச்சை மல்லாட்டை.’ பிற ஊர் நேயர்கள் இதனை நிலக்கடலை என்பார்கள், வேர்க்கடலை என்பார்கள். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்ற சொல்தான் இவ்வாறு தேய்ந்தது. பிலிப்பைன்சு நாட்டு மணிலா நகரத்தின் பெயர் அது. செடியின் பிறப்பிடம் அதற்கும் அப்பால், தென் அமெரிக்கா. அங்கிருந்து வந்த செடி தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் நன்றாக வேர் கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு விளைந்த கடலை, புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பலேறிப் பிரான்சு நாட்டு மார்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கு 1940-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ‘டி.எம்.வி. 2’ என்ற கடலை இனம் இந்தியாவின் பல பகுதிகளுக்கும் பரவியது. அந்த மூன்று எழுத்துகளும் திண்டிவனத்தையே குறிப்பவை. ஊர் பெயர் தெரியாத உழவர்கள்கூட அவ்வூரின் பெயரை விதையாகத் தங்கள் நிலத்தில் தூவினார்கள்!

மழைக்கால முடிவில் ஒரு நாள், மாணவர் இருவருடன் கடலை பிடுங்கும் கொல்லை ஒன்றுக்குச் சென்றேன். கடலைச் செடியில் ஒரு புதுமை உண்டு. மஞ்சள் பூ மண்ணுக்கு மேலே பூக்கும். பின்னர் அதன் காம்பு நீண்டு வளைந்து மண்ணுக்குள் புகுந்து, அங்கே காயாகும். வெளிச்சத்தில் பூத்து இருட்டில் காய்க்கும் செடி அது. பிடுங்கிய செடியை உதறியதும் மண் வாசனையோடு காய்கள் கொத்தாகத் தொங்கின. கொல்லைக்காரர் மூன்று கற்களைக் கூட்டி, சட்டியில் உப்பிட்டு வேகவைத்துத் தந்தார். தாள் பொட்டலத்தில் வாங்கும் வறுத்த கடலையின் சுவை வேறு. தோலை விரலால் அழுத்தும்போதே உப்புநீர் பீச்சியடிக்கும் இந்தக் கடலையின் சுவை வேறு. ஊரின் நூறாண்டு வரலாற்றைப் புத்தகம் இல்லாமல் மாணவர்கள் அன்று தெரிந்துகொண்டார்கள்.

இரண்டாவது ஆசை நுங்கு, மூன்றாவது பனங்கிழங்கு. இவ்விரண்டையும் அடுத்தடுத்து எழுதியபோதுதான் ஒரு செய்தி மனத்தில் பட்டது. இரண்டும் ஒரே காயிலிருந்து வருபவை; ஆனால் ஒரே காயில் இரண்டையும் பெற முடியாது. சித்திரை, வைகாசியில் இளங்காயை வெட்டினால் நுங்கு. வெட்டாமல் விட்டால் அது முற்றிப் பனம்பழமாகும். அந்தப் பழத்தின் கொட்டையை மண்ணில் புதைத்துப் பல வாரங்கள் காத்திருந்தால், தை மாதத்தில் கிழங்கு. இன்றைய இன்பத்துக்கும் நாளைய இன்பத்துக்கும் இடையே உள்ள வழக்கைப் பனைமரம் இவ்வளவு எளிமையாக எடுத்துச் சொல்கிறது! நுங்கே வேண்டாம் என்று காத்திருப்பவன் கோடையை இழப்பான். எல்லாவற்றையும் நுங்காகவே வெட்டித் தின்பவன் பொங்கலை இழப்பான். சில குலைகளை வெட்டி, சில குலைகளை விட்டுவைப்பதே பனையேறிகளின் அறிவு.

நுங்கு தின்பதற்குத் தேக்கரண்டி கூடாது. தலைப்பைச் சீவியதும் தெரியும் கண்களில் கட்டைவிரலை விட்டுச் சுழற்றி உறிஞ்ச வேண்டும். சட்டையில் கறை படியும், படியட்டும். எங்களுக்கு நுங்கு வெட்டித் தந்த முதியவர், தம் பிள்ளைகள் எவரும் மரமேறக் கற்கவில்லை என்றார். அவர்களைக் குறை கூற இயலுமா? நெஞ்சைத் தேய்த்து ஏறும் தொழில். கால் வழுக்கினால் உயிருக்கு உறுதியில்லை. தமிழக அரசு 2021-ஆம் ஆண்டின் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில், பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. மரத்தைக் காக்க ஆணை போதும். ஏறுபவரைக் காக்க, அவர் இறக்கித் தரும் பொருளை மதித்து வாங்குபவர் வேண்டும். ஆகவே இந்த ஆசையை நிறைவேற்றுவதில் சிறு நன்மையும் கலந்திருக்கிறது.

கோடையில் திண்டிவனத்துச் சாலையோரம் குவிந்து கிடக்கும் தர்பூசணி நான்காவது. அதைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. வெயிலில் நடந்து வந்தவனுக்கு அதன் சிவப்பே ஒரு சொற்பொழிவு. ஐந்தாவது, ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் வாசலில் வார்க்கும் கூழ். கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்க்கஞ்சியில் சேர்த்துக் கிளறிய கூழ். தொட்டுக்கொள்ளச் சிறிய வெங்காயமும் முருங்கைக்கீரையும். பாத்திரம் ஏந்தி வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவர் வணிகராக இருக்கலாம்; பின்னால் நிற்பவர் மூட்டை தூக்குபவராக இருக்கலாம். அண்டாவுக்கு அந்த வேற்றுமை தெரியாது. என் கணித நண்பர் இதற்கு மகிழ்ச்சியோடு உடன் வந்தார். “மருத்துவர் விதித்த தடையில் இது இல்லை, தம்பி” என்று இரண்டாம் முறையும் பாத்திரத்தை நீட்டினார்.

ஆறாவது ஆசைக்குச் செலவே இல்லை. விழுப்புரம் இரயில் சந்திப்பில், எங்கும் போக வேண்டிய அவசரம் இல்லாமல், ஒரு மாலைப்பொழுது முழுவதும் அமர்ந்திருப்பது. நடைமேடைச் சீட்டு ஒன்று போதும். அங்கிருந்து ஐந்து திசைகளில் தண்டவாளங்கள் பிரிகின்றன. ஒன்று சென்னைக்கு, ஒன்று விருத்தாசலம் வழியே திருச்சிக்கு, ஒன்று கடலூர் வழியே மயிலாடுதுறைக்கு, ஒன்று புதுச்சேரிக்கு, ஒன்று திருவண்ணாமலை வழியே காட்பாடிக்கு. வழியனுப்ப வந்த தாயின் கண்ணீரையும், வரவேற்க வந்த குழந்தையின் ஓட்டத்தையும் அங்கே ஒரே மணி நேரத்தில் காணலாம். இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த மேடையில் ஓடியே பழகிய என் நண்பர், அன்றுதான் முதன்முறையாக அங்கே உட்கார்ந்திருந்தாராம்.

ஏழாவது, மரக்காணத்து உப்பளத்தில் சூரிய உதயம். இதனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு உப்புத் தொழில் தொடங்கும். பாத்திகளில் உவர்நீரைப் பாய்ச்சுவார்கள். வெயிலும் காற்றும் நீரைக் குடித்துவிட, உப்பு மட்டும் பூத்து நிற்கும். விடியற்காலையில் வானத்துச் சிவப்பு அத்தனை பாத்திகளிலும் விழும்போது, கண்ணாடித் தாள்களை வரிசையாகப் பரப்பியதுபோல் இருக்கும். ஆனால் நெடுநேரம் அழகை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வெறுங்காலோடு உப்புநீரில் நின்று, நீண்ட பலகையால் உப்பை வாரிக் குவிக்கும் ஆண்களும் பெண்களும் கண்ணில் படுவார்கள். வெயில் ஏறினால் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும் என்பதால் இருட்டிலேயே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். நம் வீட்டுச் சோற்றில் இடும் ஒரு சிட்டிகை, அவர்களுடைய விடியற்காலை உறக்கம்.

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பது பழமொழி. குப்பையில் முளைத்த கீரையை உப்பில்லாமல் உண்ட குடும்பம் ஒன்றை நம் சங்க நூல் காட்டுகிறது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையைச் சொல்கிறேன். 269 அடிகளையுடைய அப்பாட்டைப் பாடியவர் நல்லூர் நத்தத்தனார். பாடப்பட்டவன் ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடன். ஓய்மானாடு என்பது திண்டிவனத்தைச் சூழ்ந்த இந்த நிலப்பகுதியே. அவன் ஆண்ட கிடங்கில், இன்று திண்டிவனத்தை ஒட்டிக் கிடங்கல் என்ற பெயரோடு இருக்கிறது. அதில் வரும் பாணனுடைய மனைவி, குப்பையில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் பார்த்தால் நாணமாகுமே என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள்.

அத்தகைய வறுமையிலிருந்து மீண்ட பாணன், இன்னும் வறுமையில் இருக்கும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்கிறான். என்ன வழி? உணவின் வழி! எயிற்பட்டினத்தில் பரதவர் சுட்ட குழல்மீன் தருவார்கள்; வேலூரில் எயினர் புளியிட்ட சூடான சோறும் சுட்ட இறைச்சியும் தருவார்கள்; ஆமூரில் உழவர் வெண்சோற்றோடு நண்டுக்கறி தருவார்கள் என்று ஊர் ஊராக எடுத்துரைக்கிறான். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலருடைய கருத்து. நான் குறிப்பேட்டில் எழுதிய பட்டியலைச் சங்கப் புலவர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இதே மண்ணுக்கு எழுதிவிட்டார்! அந்த உப்பளக் கரையில் நண்பரிடம் இதனைச் சொன்னேன். அவர் ஒரு கல் உப்பை எடுத்து நாவில் வைத்துக்கொண்டு, நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில் கழுவெளி நீர்ப்பரப்பில் பறவைகளைக் கண்டோம். 2021-இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட அந்தச் சதுப்பு நிலம், 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

எட்டாவதும் ஒன்பதாவதும் கல்லைப் பற்றியவை. திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள் அவை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் ஒவ்வோர் இழையையும் மெல்ல மெல்ல நிரப்பி, மரத்தைக் கல்லாக மாற்றியது. வடிவம் மாறவில்லை, ஆண்டு வளையங்களைக்கூடச் சிலவற்றில் காணலாம். மரம் என்று தொட்டால் கல். கல் என்று பார்த்தால் மரம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதனைத் தேசியக் கல்மரப் பூங்காவாகப் பாதுகாத்து வருகிறது. மண்டகப்பட்டிலோ, ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி இதனை ஆக்கினேன் என்று கல்வெட்டிலும் பொறித்து வைத்தான். ஓரிடத்தில் இயற்கை மரத்தைக் கல்லாக்கியது. மற்றோரிடத்தில் மனிதன் கல்லைக் கோயிலாக்கினான். இரண்டையும் ஒரே நாளில் கண்டுவிடலாம். எனினும் எங்கள் மாவட்டத்து மாணவர் பலர் இன்னும் கண்டதில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான்.

பத்தாவது, செஞ்சி இராசகிரியின் உச்சியில் புளிச்சோறு. தரையிலிருந்து ஏறத்தாழ 800 அடி உயரம், படிகள் செங்குத்தானவை, உச்சியை நெருங்கும்போது பிளவு ஒன்றைப் பாலத்தின் வழியே கடக்க வேண்டும். ஏன் புளிச்சோறு? திண்டிவனம் என்ற பெயரே புளிய மரக்காட்டைக் குறிக்கும் வடசொல்லான ‘திந்திரிணி வனம்’ என்பதிலிருந்து வந்தது. பாணனுக்கு வேலூரில் கிடைத்ததும் புளியிட்ட சோறுதான். என் நண்பரால் ஏற இயலவில்லை. கீழே கலியாண மகாலின் நிழலில் அமர்ந்து, நாங்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சியிலிருந்து பார்த்தபோது அவர் ஒரு வெண்புள்ளியாகத் தெரிந்தார். கையை அசைத்தோம், அந்தப் புள்ளியும் அசைந்தது. மாணவ நண்பர்களே! முழங்கால் உறுதியாக இருக்கும் காலமும் ஒரு பருவந்தான். நுங்குக்குக் கோடை உண்டு. கிழங்குக்குத் தை உண்டு. மலைக்கு இளமை உண்டு.

பதினோராவது தெருக்கூத்து. விழுப்புரம், செஞ்சிச் சுற்றுப்புறத்துத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கூத்து இரவு முழுவதும் நடைபெறும். இருவர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் முதலில் வரும். பின்னர்க் கண்ணாடி பதித்த கிரீடமும் புயக்கட்டுகளும் மின்ன வேடதாரி வெளிப்படுவார். அருச்சுனன் தபசன்று, வேடம் புனைந்தவர் உயர்ந்த தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். இறுதி நாளில், தரையில் மண்ணால் செய்த பேருருவத் துரியோதனனைக் கிடத்திப் படுகளம் நிகழ்த்துவார்கள். முதல் முறை நாங்கள் சென்றபோது நள்ளிரவில் மழை வந்து ஆட்டத்தைக் கலைத்துவிட்டது. மறு ஆண்டு மீண்டும் சென்றோம். கட்டியங்காரன் நகைச்சுவைக்குச் சிரித்த அதே பாட்டி, திரௌபதி கூந்தலை விரித்துச் சூளுரைத்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பகலெல்லாம் வயலிலும் கடையிலும் உழைத்தவர்கள்தாம் இரவில் வேந்தர்களாகி ஆடினார்கள்.

இவற்றையெல்லாம் கேட்டு, ‘படிக்கும் பிள்ளைகளை ஊர் சுற்றச் சொல்கிறாரே’ என்று பெற்றோர் சிலர் எண்ணக்கூடும். பாடத்தை விட்டுவிட்டுச் செல்லுமாறு நான் கூறவில்லை. தேர்வும் வேண்டும், வேலையும் வேண்டும். ஆனால் ‘தேர்வு முடியட்டும், வேலை கிடைக்கட்டும், ஓய்வு பெறட்டும்’ என்று தள்ளிவைக்கும் பழக்கம் ஒருமுறை பற்றிக்கொண்டால் எளிதில் விடாது. மேலும், இச்சிறு ஆசைகள் ஒவ்வொன்றும் வரலாறு, தாவரவியல், புவியியல், இலக்கியம் ஆகியவற்றின் வாயிலைத் திறந்துவிட்டன என்பதையும் கேட்டீர்கள் அல்லவா?

பன்னிரண்டில் பத்து நிறைவேறிவிட்டன. பனங்கிழங்கை நானே விதைத்து எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. கொட்டைகள் இப்போது கொல்லையில் மண்ணுக்குள் இருக்கின்றன. தை மாதம் வரை அவசரப்பட்டுப் பயனில்லை. பன்னிரண்டாவது ஆசை, பசித்த ஒருவருக்கு வயிறார உணவிடுவது. அதைப் பலமுறை செய்தும், குறிப்பேட்டில் அந்த வரியை அடிக்க மனம் வரவில்லை. அடித்துவிட்டால் முடிந்துவிட்டது என்று பொருளாகும். கதவடைத்து உப்பில்லாக் கீரை உண்டவர்கள் சங்க காலத்தோடு மறைந்துவிட்டார்கள் என்று யார் சொல்ல முடியும்?

ஆற்றுப்படை என்ற சொல்லுக்கு வழிப்படுத்துதல் என்று பொருள். தான் பெற்ற இன்பத்தை மறைத்து வைக்காமல், ‘இந்த வழியே போ, உனக்கும் கிடைக்கும்’ என்று பெறாதவனுக்குச் சொல்வது அது. நான் இன்று செய்ததும் அவ்வளவே. உங்கள் ஊர் விழுப்புரமாக இருக்க வேண்டியதில்லை. எந்த ஊரிலும் அதற்கே உரிய காய் ஒன்று, குன்று ஒன்று, ஆட்டம் ஒன்று இருக்கத்தான் செய்யும். ஒரு தாளை எடுங்கள். பன்னிரண்டு வேண்டாம், ஐந்து எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் அதன் பருவத்தைக் குறியுங்கள்; உடன் அழைத்துச் செல்லப்போகிறவரின் பெயரையும் குறியுங்கள். அப்பெயர்களில் ஒன்றாவது, வீட்டுத் திண்ணையில் தனித்திருக்கும் ஒரு முதியவருடையதாக இருக்கட்டும்.